மேஸ்திரி சொன்னதும் நான் சொன்னதும்

தோல் ஷாப்பைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்கென்று முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் பூட்சுகளை ஆபீஸ் அலமாரியில் வைத்திருப்பார்கள். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் அப்படி ஒரு ஜோடியை எனக்கும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு சுண்ணாம்புக் குழியின் விளிம்பில் நின்றேன். குழிக்குள் ஒருவர் வெறுங்காலோடு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஊறிய தோல்களை நீளமான கொக்கியால் இழுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தின்ற இடங்கள் அவர் காலில் வெளுத்துத் தெரிந்தன. குழி ஆட்களுக்கு அவர்தான் தலைவர். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். என்னைவிட மூத்தவர். ஆனாலும் அன்று முழுக்க நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன், அவர் என்னை ‘சார்’ என்றார். இருவருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் ஆவணப்படம் எடுக்க வருகிறாள், கூட இருந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டதால் போயிருந்தேன். வெள்ளைக்காரி வருவாள் என்று மாலையோடு காத்திருந்த மேனேஜர், காரிலிருந்து இறங்கிய கறுப்பினப் பெண்ணைப் பார்த்ததும் என் காதருகே குனிந்து, “அமெரிக்கான்னாங்க, இன்னா சார், நம்ம கீழ் செக்ஷன் ஆளு மாதிரி இருக்காங்க?” என்றார். “மெதுவா பேசுங்க, கேமராவுல பதிஞ்சிடப் போவுது” என்றேன். இருவரும் சிரித்தோம். பருத்திக் காட்டு அடிமைகளைப் பற்றி வகுப்பில் நான் பாடம் நடத்தினால் மாணவர்கள் கண்கலங்குவார்கள் என்று கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு நின்றுதான் அப்படிச் சிரித்தேன்.

கீழ் செக்ஷன் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். பச்சைத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்புக் குழியில் போடுவது, சதையைச் சீவி எடுப்பது எல்லாம் கீழே. நிறம் ஏற்றிய தோலைத் தரம் பிரிப்பது, பேக்கிங், கணக்கு எல்லாம் மேல் மாடியில். கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே காலனி. மேலே இருந்தவர்களில் அந்தக் காலனிக்காரர் ஒருவரும் இல்லை. இப்படி ஒரு விதியை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. வேலை கேட்டு வருகிறவனிடம் வாசலில் “எந்தத் தெருப்பா?” என்று மட்டும் கேட்பார்கள். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஏறவேண்டிய இடமா இறங்கவேண்டிய இடமா என்பது முடிவாகிவிடும். மேல் மாடியில் சூப்பர்வைசராக இருந்தவன் என் சித்தப்பா மகன். பத்தாவது தேறாதவன். எங்கள் தெருவின் பெயர்தான் அவனுடைய தகுதி.

பிறப்பால் ஒரு வேலை மனிதர்கள் தலையில் எப்படி ஏறி உட்காருகிறது என்பதைப் பற்றித்தான் அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியிடம் கேள்வி கேட்குமுன் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றாள். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் தாயைச் சிறு பெண்ணாக இருக்கும்போது சந்தையில் நிறுத்தி விற்றார்கள். சட்டத்தில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அந்தக் குடும்பம் அதே முதலாளியின் நிலத்தில்தான் வேலை செய்தது. அவளுடைய அப்பா காலத்தில்கூட, அந்த ஊரில் அவர்களுக்கு வேறு வேலைக்கான கதவு திறக்கவில்லை. இதை நான் நன்றாகவே மொழிபெயர்த்தேன். குரல்கூடத் தழுதழுத்தது. மேஸ்திரி கொக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று நினைக்கிறீர்களா?” என்று அவள் கேட்டாள்.

“எங்கப்பன் இந்தக் குழியில நின்னான். அவங்கப்பனும் நின்னான். பிரியப்பட்டா நின்னாங்க? வேற எங்க போனாலும் எந்தத் தெருன்னு கேக்கறாங்க” என்றார் மேஸ்திரி. கொக்கியால் மாடியைக் காட்டினார். “அதோ, மேல எங்க ஆளு ஒருத்தன் இருக்கானா பாக்கச் சொல்லு சார். எனக்கு ஒரே பொண்ணு. அது இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அதுக்குத்தான் இதுல நிக்கிறேன்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சற்றே சிரித்தார். “நீ சொல்றதப் பாத்தா, நீயும் நம்ம ஆளுதாம்மா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். தலைமுறை தலைமுறையாக வரும் தொழில் இது, அதில் அவருக்குப் பெருமை, மகளும் படிக்கிறாள் என்றேன் ஆங்கிலத்தில். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். உங்களை வரவேற்கிறார் என்றேன். அவள் புன்னகை செய்து, தலையை ஆட்டி, நன்றி என்றாள்.

படம் வெளிவந்தது. தமிழில் அவர் குரல் கேட்க, கீழே என்னுடைய ஆங்கிலம் ஓடியது. கம்பெனி அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டியது. பரம்பரைத் தொழிலில் பெருமைகொள்ளும் தொழிலாளி என்று மேஸ்திரி பல தேசத்துத் திரைகளில் நின்றார். அப்படி நிற்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை பஜாரில் என்னைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

“சார், நான் சொன்னதெல்லாம் அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்க இல்ல?”

“எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா.”

“நம்ம ஆளுன்னேனே, அதுக்கு ஒண்ணும் சொல்லலியே அவங்க?”

“ரொம்ப சந்தோஷப்பட்டாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. காலனியில் கொஞ்ச காலம் “அமெரிக்காவுல நமக்கு ஜனம் கீது, ஜாஸ்தி பேசாதீங்கடா” என்று சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தாராம். அதைச் சொல்லி மேல் மாடியில் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

மேஸ்திரி போன வருடம் இறந்துபோனார். அவர் மகள் நாட்றம்பள்ளிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. தோல் ஷாப்பின் கேட்டை அவள் ஒருபோதும் தாண்டியதில்லை. அப்பாவின் போட்டோக்கள் வீட்டில் இருந்தன, குரல்தான் எங்கும் இல்லை. அந்தக் குரலுக்காகவே பழைய படத்தை இணையத்தில் தேடிப் பிடித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தாள். செல்போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள்.

“அப்பா பேசறது கேக்குதா சார்?”

“கேக்குதும்மா.”

“கீழ இன்னா எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க.”

என்னால் படிக்க முடியவில்லை. அவள் கோபப்படவில்லை. படம் எடுத்த அம்மையாருக்கு எழுதியிருப்பதாகவும், அவர் அன்றைய மொழிபெயர்ப்பாளரோடு பேச விரும்புவதாகவும் சொன்னாள். சரியான மொழிபெயர்ப்பை இப்போதே எழுதித் தருகிறேன் என்று அவசரமாகப் பேனாவைத் தேடினேன்.

“அது வேணாம் சார். அப்பா பேசினத நானே இங்கிலீஷ்ல அனுப்பிட்டேன். ஏன் மாத்தினீங்கன்றது எனக்குத் தெரியாது. அத மட்டும் நீங்க சொல்லணும்.”

அவள் வீடியோவில் அழைத்ததும், செல்போனில் படம் எடுத்த அம்மையாரின் முகம் வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார், எனக்கு வேறு வழியில்லை என்றேன். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்த காரணம் அது. நம்பியும் விட்டிருந்தேன்.

“மேனேஜர் பக்கத்துல இல்ல சார்” என்றாள் மகள் தமிழில், மெதுவாக. “கேமரா மாடியக் காட்டறப்ப அவரும் தெரியறாரு. அந்தக் கோடியில நின்னு சிகரெட் புடிச்சிட்டு இருக்காரு.”

அதற்குமேல் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொக்கியால் காட்டிய மாடியில் என் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். அவர் சொன்ன குற்றச்சாட்டு எங்கள் தெருவின் மேல், என் வீட்டின் மேல். வெளிநாட்டுக்காரர் முன்னால் அதை என் வாயாலேயே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் வந்து இறங்கியபோது உங்கள் நிறத்தைப் பார்த்துச் சிரித்தேன். அதனால்தான் அவர் உங்களை உறவாக்கிக்கொண்டபோது அந்த வாக்கியம் எனக்கு மொழிபெயர்க்கத் தகுந்ததாகப் படவில்லை.

அந்த அம்மையார் என்னை விட்டுவிட்டு மேஸ்திரியின் மகளிடம் பேசத் தொடங்கினார். அப்பா கடைசிவரை அங்கேதான் வேலை பார்த்தாரா, கால் புண் ஆறியதா என்று கேட்டார். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

மகள் கிளம்பும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட எதுக்கு சார்? பஜார்ல அவரே கேட்டாராமே. வாத்தியாரு எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு வீட்ல வந்து அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனாள்.

இப்போது அந்தப் படத்தில் எழுத்துகளை மாற்றிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே திரித்துச் சொன்னார் என்ற குறிப்பும், என் சம்மதத்தோடு, என் பெயரும் இருக்கின்றன. நேற்றும் பார்த்தேன். மேஸ்திரி சிரித்தபடி “நீயும் நம்ம ஆளுதாம்மா” என்கிறார். அதே சொற்கள் ஆங்கிலத்தில் அவருக்குக் கீழே வருகின்றன. அந்தப் பெண், இளம் பெண், என் பக்கம் திரும்பி எதையோ கேட்டுக்கொள்கிறாள். பிறகு ஒரு விருந்தாளியைப் போலத் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு, கேமராக்காரரிடம் அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று கை காட்டுகிறாள். மேஸ்திரி இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்க்கிறார். அவள் திரும்பவில்லை. குனிந்து அடுத்த தோலை இழுக்கிறார்.