வெட்டிப் பிரித்த குளிசை அட்டை

மிருணாளினிக்கு ஒன்றையும் மூடி மறைக்கத் தெரியாது. கலியாண வீட்டில் சோறு குழைந்திருந்தால் சமைத்தவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். இந்தக் குணத்தால் மெல்பேர்னின் நோபல் பார்க்கில் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு. ஆனால் இதே குணம்தான் கடைசியில் ஒரு நல்ல வேலையையும் வாங்கிக் கொடுத்தது.

யாழ்ப்பாணத்தில் மருந்தாளர் படிப்பு முடித்து, மெல்பேர்னுக்கு வந்து அதையே மறுபடி முதலிலிருந்து படித்து, ஸ்பிரிங்வேலில் ஒரு பாமசியில் பல வருடம் கால் கடுக்க நின்றவள் அவள். பிறகு கிளேட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் இடம் கிடைத்தது. பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் சில குட்டித் தீவு நாடுகள் மருந்து விஷயத்தில் ஒன்றுக்கொன்று கை கொடுப்பதென்று ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த நாடுகளுக்கிடையே தகவல் கொண்டு போவதுதான் அலுவலகத்தின் வேலை. அவற்றில் சில நாடுகளின் மொத்தச் சனத்தையும் கூட்டி வந்தாலும் நோபல் பார்க் நிறையாது. வருகிற மருந்தைச் சோதிக்க ஆய்வுகூடம் கிடையாது. தனியாக நின்றால் எந்த வியாபாரியும் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போவான். அதனால் ஒரு நாடு சரிபார்த்த மருந்தை மற்றவை ஏற்றுக்கொள்வது, ஒரு நாட்டில் கெட்ட மருந்து அகப்பட்டால் அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

பேசி முடிப்பது சுலபம். தங்கள் ஆஸ்பத்திரியில் கெட்ட மருந்து இருந்ததென்று அயலாருக்குச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? தொடக்கத்தில் கூட்டங்களில் எல்லோரும் சிரித்தபடி, "இங்கே ஒரு குறையும் இல்லை" என்றார்கள். மிருணாளினி விடவில்லை. ஆளாளாகப் போன் எடுத்து, குடும்பம் குட்டியை விசாரித்து, "நீங்கள் வெட்கத்தைப் பார்த்தால் அடுத்த தீவில் ஒரு பிள்ளை சாகும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக அவர்களைப் பேச வைத்தாள்.

அப்படிப்பட்டவள் சொந்த அண்ணன் விஷயத்தில் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அண்ணன் கிருபானந்தன் அகதியாகப் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்ததும் சிட்னியில் நிற்காமல் தங்கை இருக்கிற ஊருக்கு வந்துவிட்டான். இப்போது டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தற்காலிக விசா. அதைப் புதுப்பிக்கும் இடைவெளியில் அரசாங்க வைத்தியத்துக்கான மெடிகெயார் அட்டையும் செத்துப்போயிற்று. பிரஷர் இருக்கிறது, டொக்டரிடம் போங்கள் என்றால், "பாப்பம்" என்பான்.

மார்கழியில் ஊருக்குப் போன மிருணாளினி, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதையே செய்தாள். அண்ணனுக்கும் பக்கத்து வீட்டு மீனாம்பாள் அன்ரிக்கும் சேர்த்துப் பிரஷர் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, வாங்கினாள். சூட்கேஸில் பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் இடம் வேண்டுமே என்று, குளிசைப் பெட்டிகளைக் கொழும்பிலேயே குப்பையில் போட்டுவிட்டு அட்டைகளை மட்டும் கொண்டு வந்தாள். சில அட்டைகளில் காலாவதித் திகதி கிட்ட இருந்தது, சிலதில் தூர இருந்தது. ஒருத்தருக்குப் பழையது, ஒருத்தருக்குப் புதியது என்று மனக்குறை வரக்கூடாதல்லவா? குசினி மேசையில் வைத்து ஒவ்வொரு அட்டையையும் கத்தரிக்கோலால் நடுவே வெட்டினாள். திகதியும் தொகுதி இலக்கமும் அடித்திருந்த பாதி அன்ரிக்கு. அன்ரி திகதி பாராமல் பால்கூட வாங்கமாட்டார். மொட்டைப் பாதி அண்ணனுக்கு. பாமசிக்கு வேறு யாராவது இப்படி வெட்டிக்கொண்டு வந்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். சொந்த வீட்டில் அவளுடைய படிப்பு குசினி வாசலோடு நின்றுவிட்டது.

மாசியில் ஒரு புதன்கிழமை காலை மெலே அழைத்தாள். மெலே அந்தத் தீவுகளில் ஆகச் சின்னத் தீவின் ஒரே மருந்தாளர். முன்பெல்லாம் கூட்டத்தில் வாயே திறவாதவள்.

"மிரு, இங்கே பிரஷர்காரர் சிலர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கியிருக்கிறது. அட்டையில் பிரஷர் குளிசை என்று போட்டிருக்கிறது, உள்ளே இருப்பதோ சீனி வருத்தத்துக்கான குளிசை. தொழிற்சாலையில் மாறி அடைத்திருக்கிறார்கள். படமும் இலக்கமும் அனுப்புகிறேன். எல்லோருக்கும் சொல்லிவிடு."

மிருணாளினி அந்த நிமிடமே எல்லாத் தீவுகளுக்கும் அறிவித்தாள். களஞ்சியங்களைப் பூட்டச் சொன்னாள். அதன் பிறகுதான் படத்தை ஆறுதலாகப் பார்த்தாள். வெள்ளித் தாளில் நீல எழுத்து. அவள் கத்தரிக்கோலால் வெட்டிய அதே அட்டை. எந்த நாட்டுத் தொழிற்சாலை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். மலிவாக விற்கிறவன் சின்ன நாடுகளுக்கெல்லாம் விற்பான், இலங்கைக்கும் விற்பான்.

அண்ணன் போர்க்லிஃப்டில் இருந்தபடி மயங்கினால்? போன் எடுத்தாள். அவனுடைய போன் வேலை நேரத்தில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், அடித்து ஓய்ந்தது. எந்தத் தொகுதி என்று அறிய ஒரே வழி இலக்கப் பாதியை வைத்திருக்கும் மீனாம்பாள் அன்ரிதான்.

"அன்ரி, நான் தந்த பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. டொக்டர் தந்தது இன்னும் கொஞ்சம் கிடக்கு. புது மருந்து, நல்ல நாளில தொடங்குவம், வாற வெள்ளிக்கிழமை எண்டு வச்சிருக்கிறன். ஏன், திருப்பிக் கேக்கிறியோ?"

"ஓம், திருப்பித்தான் கேக்கிறன். முதல்ல அதில அடிச்சிருக்கிற இலக்கத்தை வாசியுங்கோ."

அன்ரி கண்ணாடி தேடிப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மெலே அனுப்பிய இலக்கம் அதுவல்ல. மிருணாளினிக்கு மூச்சு வந்தது.

"மற்ற அட்டையையும் வாசிக்கட்டோ? இது வேற திகதி."

இரண்டாவதை வாசித்தார். மெலே அனுப்பியதிலிருந்து ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"ஏன் பிள்ளை, இந்த இலக்கத்தில என்ன?"

"அன்ரி, அதைத் தொடாதேங்கோ. சாமியாணை தொடாதேங்கோ."

காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். ஸ்பிரிங்வேல் சந்தியில் சிவப்பு விளக்கு, நோபல் பார்க்கில் சிவப்பு விளக்கு. விளக்குகளையும் தன்னையும் மாறி மாறித் திட்டினாள். திட்டியதில் அவள் பங்குதான் அதிகம். ஊரெல்லாம் மருந்துக்குக் காவல் நிற்கிறாய், உன் அண்ணனுக்கு மொட்டை அட்டையைக் கொடுத்தாயே என்று வாய்விட்டே சொல்லி அழுதாள்.

களஞ்சிய வாசலில் மேற்பார்வையாளர் மஞ்சள் அங்கி போடாமல் உள்ளே வரக்கூடாது என்று மறித்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே போய் கிருபானந்தனைக் கூட்டி வந்தார்.

"அண்ணா, நான் தந்த குளிசை இண்டைக்குப் போட்டனீங்களோ?"

"ஓம் ஓம், காலமையே போட்டனான்."

"ஐயோ! அது பிழையான குளிசை அண்ணா! சீனியைக் குறைக்கிற குளிசை! வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்!"

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

"பிள்ளை, நில்லு. நான் போடேல்லை."

"இப்பதானே போட்டனான் எண்டியள்?"

"ஒரு நாளும் போடேல்லை." கிருபானந்தன் பிடரியைச் சொறிந்தான். "எங்களைப் போல ஆக்களுக்குச் சும்மா மருந்து குடுக்கிற கிளினிக் ஒண்டு இருக்கு. போன வருசத்தில இருந்து அங்கதான் எடுக்கிறன். நீ அவ்வளவு தூரத்தில இருந்து சுமந்துகொண்டு வந்தனி. வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? உன்ர முகம் சுருங்கிப் போகுமெண்டு, நீ கேக்கேக்கையெல்லாம் போட்டனான், போட்டனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"அந்தக் குளிசை எல்லாம் எங்க? ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"இல்லை. மேசை லாச்சிக்குள்ள அப்பிடியே கிடக்கு."

மிருணாளினி அங்கே கிடந்த, சாமான் அடுக்கும் மரத்தட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கைப்பையால் அண்ணனின் காலில் நாலு அடி போட்டாள். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிய சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மறைக்காதே, மறைக்காதே என்று தீவு தீவாகப் பாடம் எடுத்தவள் அவள். இன்றைக்கு அண்ணன் உயிரோடு நிற்பது அவன் மறைத்த காரியத்தால்.

கொஞ்சம் ஆறியதும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. தீவுக்காரரும் இப்படித்தானே சொந்தங்களுக்குப் பைகளில் மருந்து கொண்டு போகிறார்கள்? களஞ்சியத்தைப் பூட்டினால் அந்தப் பைகள் பூட்டுப்படுமா? போனை எடுத்து எல்லா நாடுகளுக்கும் எழுதத் தொடங்கினாள். அதே தொகுதி மெல்பேர்னிலும் இருக்கிறது, கடை வழியாக வரவில்லை, பயணப் பையில் வந்தது, வீடு வீடாகக் கேளுங்கள் என்று எழுதினாள். கொண்டு வந்தவள் நான்தான் என்று கீழே தன் பெயரையும் போட்டாள்.

அண்ணன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மற்ற ஆக்களுக்கு மருந்து கொண்டு வாறது இங்க சட்டத்துக்கு விரோதம் எண்டு நீதானே சொன்னனி? பேரையும் போடுறாய். உனக்கு வேலை போகாதே?"

அவள் அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள்.

"போனால் போகட்டும் அண்ணா. நீங்கள் இருக்கிறியள்."

கிருபானந்தன் அவள் தலையில் ஒரு கை வைத்துவிட்டு உள்ளே போனான். அவன் போர்க்லிஃப்டில் ஏறி ஓட்டத் தொடங்கும்வரை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.