தவறணைக்குப் போன பிடியரிசி

ஒரு சொட்டும் குடிக்காமல் குடிகாரன் என்று பெயர் வாங்கியவர் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்தில் பொன்னையா ஒருவர்தான். பதினோரு வருடமாகியும் அந்தக் கோபத்தை அவர் இறக்கி வைக்கவில்லை. பெயரைக் கெடுத்தது சாராயம் என்றாலும் பரவாயில்லை. கெடுத்தது சபை.

பொன்னையா தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபையின் கோயிற்பிள்ளை. கதவு திறப்பதும், பாய் விரிப்பதும், ஆராதனை முடிந்ததும் பிடியரிசியை ஏலம் போடுவதும் அவர் வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து ஏலத்தில் போகும். அந்தக் காசு, கோயிலுக்கு ஒரு மணி வாங்குவதற்காக 1950ஆம் வருடத்திலிருந்து சேர்ந்துகொண்டிருந்தது.

காசு இருந்தது சபைச் செயலாளர் ஏசுவடியானின் பொறுப்பில். வாரநாளில் அவர் மலையில் வேலை பிரித்துக் கொடுத்துப் பேர் போடும் பெரிய கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை உக்கிராணத்துவம் பற்றிப் பிரசங்கம் செய்வார். ஆண்டவர் தந்ததைப் பெருக்கிக் காட்டுகிறவனே நல்ல உக்கிராணக்காரன் என்று அவர் சொல்லும்போது கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருக்கும். அவரும் நன்றாகத்தான் பெருகியிருந்தார்.

மாதம் ஒரு தடவை பொன்னையாவிடம் ஒரு துணிப்பையை நீட்டுவார்.

"தலவாக்கலை சிவசாமிகிட்டக் குடுத்திட்டு வா. பின்வாசல் வழியாப் போ. யாருகிட்டயும் மூச்சு விடாத."

சிவசாமி சாராயத் தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவர். தபால் கந்தோரில் போட்டால் வருகிற வட்டி எறும்புக்கும் காணாது. சிவசாமி நூற்றுக்குப் பன்னிரண்டு கொடுத்தார். சபைக் காசில் பீப்பாய் வந்து இறங்கும். அதிலிருந்து தோட்டத்து ஆட்களுக்குக் கடனாக ஊற்றுவார்கள். சம்பள நாளில் அது வட்டியோடு திரும்பும். அதில் ஒரு பங்கு மணிக்குச் சேரும். ஆண்டவருக்கு இதெல்லாம் தெரியாது என்று சபைக் கமிட்டி நம்பியது.

பின்வாசலில் நுழைகிறவரை ஊர் பார்க்காமல் இருக்குமா? கோயிற்பிள்ளை திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. முகத்துக்கு நேரே கேட்டவள் பேச்சியம்மா மட்டும்தான். ஞானஸ்நானத்தில் அவளுக்குச் சாராள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. மெலிந்த உடம்பு, தடித்த குரல், கொழுந்து பறிக்கும் கை.

"அண்ணே, நீங்க குடிக்கிறீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"அப்ப மாசாமாசம் அங்க என்ன, ஜெபக்கூட்டமா?"

யாரிடமும் சொல்வதில்லை என்று பொன்னையா வாக்குக் கொடுத்திருந்தார். பெயர் போன பிறகு வாக்கைக் காப்பாற்றி என்ன செய்ய? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேச்சியம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மலைக்கு ஏறினாள். அவள் புருசன் அழகன் சம்பளத்தில் பாதியை அந்தத் தவறணையில்தான் விட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, எங்க அரிசிக் காச தபால் கந்தோருல போடுங்க."

"நீ கொழுந்தப் பாரு. வட்டி வெவகாரம் ஒனக்கெதுக்கு? மணி சீக்கிரம் வரணுமா வேணாமா?"

"எம்புருசன் குடிச்ச கடனுக்கு வட்டி வாங்கி, அதுல மணி வாங்கி அடிச்சா, அந்தச் சத்தத்துக்கு அவரு எந்திரிச்சு கோயிலுக்கு வந்துருவாராங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திங்கட்கிழமை பேச்சியம்மாவுக்கு மலையிலேயே செங்குத்தான தேயிலை நிரை கிடைத்தது. அன்று முதல் ஒரு மாதம் அரைப்பேர்தான், நாள் முழுக்கப் பறித்தாலும் பாதிச் சம்பளம்.

அதற்கடுத்த ஞாயிறு பன்னிரண்டு பெண்கள் அரிசிப் பையோடு வந்தார்கள். கோயில் வாசலில் நிற்காமல் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். ஏலத்துக்கு அரிசி இல்லாத கோயிற்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? பொன்னையாவும் பின்னாலேயே போனார். தலவாக்கலைத் தவறணைக்குள் முன்வாசல் வழியாக நுழைந்து, பேச்சியம்மா தன் பையை மேசைமேல் வைத்தாள். பெஞ்சியில் இருந்த அழகன் கிளாசைக் காலுக்கடியில் ஒளித்தான்.

"என்னம்மா இது?" என்றார் சிவசாமி.

"பிடியரிசி மொதலாளி. எப்படியும் இங்கதான வருது. நடுவுல கோயிலுக்கு எதுக்கு வீண் நடை?"

சிவசாமி பையைத் தொடவே இல்லை.

"நா சாராயம் விக்கிறேன்னு போர்டு போட்டு விக்கிறவன். போர்டு இல்லாம விக்கிறது ஒங்க ஐயாதான். சாமி அரிசி என் மேசையில இருந்தா யாவாரம் வெளங்காது, எடுங்க. பொன்னையா, நாளைக்கு வந்து காச வாங்கிட்டுப் போ. வட்டியோட தாறேன்."

"வட்டி வேணாம்" என்றாள் பேச்சியம்மா.

காசு தபால் கந்தோருக்குப் போனது. தவறணைத் தொடர்பை அறுக்கும்படி ஆண்டவர் தம்மை ஏவினார் என்று ஏசுவடியான் பிரசங்கம் செய்தார். அழகன் குடியை விடவில்லை. மணி மூன்று வருடம் பிந்தி வந்தது. சட்டியைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பொன்னையா பின்வாசலுக்குப் போவது நின்றதும், காசு கொண்டுபோன கதை தெரிந்தும், அவர் குடியை விட்டுவிட்டதாகச் சபை சாட்சி சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறியது. அதை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அறுபத்தைந்தாம் வருடம் பேச்சியம்மா நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டாள். அதே சமயம் கோயிலுக்கு மதில் கட்ட ஏசுவடியானுக்கு யோசனை வந்தது. குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டும் புக்கிக் கடைக்காரர் நூற்றுக்குப் பதினைந்து தருகிறாராம். பொன்னையா பார்க்கப் போனபோது அவள் எழுந்து உட்காரவில்லை.

"புக்கிக்காரனப் பத்திப் பேசிக்கிறாங்களாமே அண்ணே?"

"பேசுறாங்க. ஞாயித்துக்கெழம கமிட்டி."

அவள் மூலையில் இருந்த பானையைப் பார்த்தாள்.

"அதுல இந்த வாரத்து அரிசி இருக்கு. அவன்கிட்டப் போடுறதுன்னு முடிவானா ஏலம் போடாதீங்க. பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு நேரா அந்தக் கடைக்குப் போங்க. எம்பானைய நீங்க தூக்கணும். இந்தத் தடவ நீங்கதான் முன்னால போகணும் அண்ணே, முன்வாசல் வழியா."