டயர் கருகும் நாற்றம்

திருவொற்றியூர்க் கோயிலில் வழிபாடு முடித்துத் திரும்பும் வழியில், தள்ளுவண்டியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அந்த அம்மையாரைக் கண்டேன். அகன்ற நெற்றி, வெற்றிலையால் சிவந்த உதடுகள், கண்ணெல்லாம் சிரிப்பு.

"சாமி, டயரு கருகுற நாத்தம் வருதா?" என்று திடீரெனக் கேட்டார்.

"இல்லையே அம்மா" என்றேன்.

மறுகணமே அடுப்பை அணைத்து, கொதிக்கும் எண்ணெயை விட்டு விலகித் தரையில் அமர்ந்தார். திகைத்துக் காரணம் கேட்டேன்.

"கொயந்தைல ஜுரத்தோட வலிப்பு வந்துச்சு. அதுல மூளைல, நெத்திப்பொட்டாண்ட, தழும்பு கீதாம். டாக்டரு ஸ்கேன் பாத்துச் சொன்னாரு. அங்கேர்ந்துதான் இப்பவும் வலிப்பு கெளம்புது. அதுக்கு மின்னாடி எனக்கு மட்டும் இந்த நாத்தம் அடிக்கும். மணலி ஃபேக்டரிங்க காத்துலயும் இதே நாத்தம்! அதான் பக்கத்துல கீறவங்களக் கேட்டுப்பேன். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை சாமி. கையில சாவி கீவி திணிக்காத."

இறைவன் திருநாமத்தைச் சொல்லியபடி அருகில் நின்றேன். அப்போது ஆட்டோக்காரர் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா, ஊரே டயரு நாத்தம்! கொடலப் பொரட்டுது!"

அம்மையார் துள்ளி எழுந்தார். "சாமி, உனுக்குச் சளியா?"

"ஆம், கடுஞ்சளி."

"மொதல்ல உன் மூக்க ஸ்கேன் எடு!" என்று சிரித்தபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

சந்தனமும் குங்கிலியமும் கமழ இறைவனைப் பாடியே பழகியவன் நான். நாற்றம் மெய்தான் என்றறிந்து ஒரு முகம் அப்படி மலர்ந்ததை வேறெங்கும் கண்டதில்லை. மணலிக் காற்று தூய்மையாக வேண்டுமென்று இன்றும் வேண்டுகிறேன்; வேண்டும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது.