நேற்றைய நீர்மட்டம்

ஃபௌசியா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு நெய்வேலிக்கு வந்தவர். சுரங்க வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் தகரக் கொட்டகை ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வருஷங்கள் ஓடியும் பர்மனென்ட் ஆகவில்லை. கணவர் ஷரீப் சுரங்கத்தின் அடித்தளத்தில் பம்ப் ஓட்டுகிறார். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இறைப்பது குறைந்தால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அந்த நீர்மட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் நிரல்தான் ஃபௌசியாவின் பொறுப்பு. நான் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன்.

பழைய விண்டோஸ் கணினி எரிந்துபோய், புதிதாக வந்ததில் லினக்ஸ் இருந்தது. லினக்ஸுக்குள் விண்டோஸ் நிரல்களை ஓட வைக்கும் ‘வைன்’ மென்பொருளை ஃபௌசியா நிறுவினார். இதுதான் உன் சி டிரைவ், இதுதான் உன் எழுத்துரு என்று குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக அமைத்தார். நிரல் திறந்தது. ஆனால் சுரங்கத்திலிருந்து வரும் கேபிளைப் படிக்க அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. கோடாவது வரைகிறதா பார்ப்போம் என்று, கேபிளின் இடத்தில் நேற்றைய அளவுகள் இருந்த கோப்பை இணைத்தார். கோடு அழகாக ஓடியது. திரையில் நேரம் இன்றையது, நீர் நேற்றையது.

அப்போதுதான் சூப்பர்வைசர் சுதாகர் உள்ளே வந்தார்.

“அட, ஓடிக்கினு இருக்கே! ஆபீஸ்ல வைன் வெச்சிருக்கிறது உன் மாமனாருக்குத் தெரியுமாம்மா?”

“இது நேத்து தண்ணி சார். சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது.”

“கோடு வருதுல்ல? இப்ப சுரங்கத்து ஆபீசர் வருவாரு, பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் மாத்திக்க.”

“அதுவரைக்கும் கீழ எவ்ளோன்னு தெரியாதுங்க.”

“காலைலேருந்து தெரியாமதான ஓடுது. கைய வெச்சு மறுபடி வராம போச்சுன்னா, உன் கான்ட்ராக்ட்டுக்கு நான் பேச மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே திரையைப் படமெடுத்து ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் ஷரீபிடமிருந்து போன் வந்தது. ஃபௌசியா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஓட வெச்சிட்டியாமே! தண்ணி நல்லா எறங்கியிருக்குன்னு ஒரு பம்ப சர்வீசுக்கு நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்பதான் நிறுத்தினேன்.”

ஃபௌசியா பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. கீழே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

ஃபௌசியா நிரலை மூடினார்.

“ஏம்மா!” என்று கத்தினார் சுதாகர்.

“அந்தப் போட்டோவ அழிங்க சார்.”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இந்த வேலைக்காக எத்தனை பேரிடம் கைகட்டி நின்றிருக்கிறேன். நிரலை மூடும் அந்தப் பொத்தானை என் விரல் அழுத்தியிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஃபௌசியா நேற்றைய கோப்பை நீக்கிவிட்டு, அனுமதி கொடுத்து, கேபிளை இணைத்து மறுபடி திறந்தார். திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. சுதாகர் வாசலை வாசலைப் பார்த்தார். பிறகு கோடு வந்தது. நேற்று நின்ற உயரத்தில் இல்லை. அபாய எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டை ஒட்டித் தொடங்கி, மேலே ஏறியது.

“இதையும் போட்டோ எடுத்துப் போடுங்க சார்,” என்றார் ஃபௌசியா.

சுதாகர் அவசரமாக எடுத்த படம் சரியாக விழவில்லை. மறுபடி எடுத்தார். ஃபௌசியா போனைக் காதில் வைத்தபடி திரையையே பார்த்திருந்தார். ஷரீபின் எண்ணுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது.