பங்களாத் தோட்டத்துக் குன்றிமணி

இன்று ஒரு சுற்றுலா வேனில் கூட்டமாக மாமல்லபுரம் பக்கம் ஒரு பழைய ஜமீன் பங்களாத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம்.

கூட்டிப்போன கைடு, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று என் ஒன்றரை வயது மகள் கையில் ஒரு பிடி குன்றிமணியைக் கொட்டினார். மறுநொடி ஒன்று வாய்க்குள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். நல்லவேளை, கடிபடவில்லை.

"ஏங்க, இது விஷம்ங்க! மென்னா உயிரே போயிடும்!"

"இன்னாம்மா நீ, புள்ளையாருக்கே இத்தத்தான் கண்ணா வெக்கறோம். மொதப் புள்ளையா?" என்றார் கைடு.

கூட்டமே சிரித்தது, என் வீட்டுக்காரர் உட்பட. சீ என்றாகிவிட்டது.

அந்தக் கைடு அடுத்த குழந்தைக்கும் அள்ளிக் கொடுத்தார். "அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றாள் அதன் அம்மா.

அதையும் பிடுங்கி எறிந்தேன். குழந்தை வீறிட்டது.

வேனில் திரும்பும்வரை எல்லாரும் என்னைத்தான் விஷத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்களா?