நடவின் நடுவே எழுந்த குலவை

எண்பதுகளின் கடைசியில், கீழ்வேளூர் பக்கம் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குத்தகை எதுக்கு? நெலத்தை விட்டுடு" என்று மிராசுதாரின் காரியக்காரர் அம்மாவை மிரட்டிக்கொண்டிருந்தார். அந்த வயல் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. நட்டுவிட்டால் அறுப்பு வரைக்குமாவது வெளியேற்ற மாட்டார்கள் என்று அம்மா நம்பினார்.

ஆனால் காரியக்காரருக்குப் பயந்து நடவுக்கு ஆள் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும் வந்தார். ஊருக்கு வெளியே பழைய நெல் கிடங்கில் இலங்கை அகதிகளைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு அக்கா வந்தார். மட்டக்களப்புக்காரர், கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படகேறி வந்தவர்.

முதல் நாற்றை ஊன்றும்போது நாங்கள் குலவையிடுவோம். நட்டு முடித்துக் கரையேறும்போது இன்னொரு முறை. நடுவில் இடுவதே இல்லை. அன்று காலை அந்த அக்காவின் குலவை நீண்டுகொண்டே போனது.

"அம்மாடி, மூச்சு விடு! நாகப்பட்டினம் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார் சித்தி.

"எங்கட அம்மன் கோயில்ல இன்னும் நீளமாப் போடுவம்கா" என்று அக்கா சிரித்தார்.

பாதி வயல் நட்டிருப்போம். சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் ஒன்று வரப்பருகே வந்து நின்றது. காரியக்காரரோடு கம்பும் கையுமாக நாலைந்து பேர்.

"கரை ஏறுறீங்களா, இல்ல ஆளோட சேத்து உழுதுடவா?" என்றார் காரியக்காரர்.

என் கையிலிருந்த நாற்றுமுடி நழுவி விழுந்தது. சேற்றிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. அம்மா கும்பிட்டார். டிராக்டர் வயலுக்குள் இறங்கியது. காலையில் நட்ட நாற்று சக்கரத்துக்கடியில் போனது.

அந்த அக்கா நேராகப் போய் அதன் முன்னால் நின்றார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சக்கரம். கண்ணை மூடிக்கொண்டு குலவையிட்டார். அது சந்தோஷக் குலவை இல்லை. சித்தியும் சேர்ந்துகொண்டார். பிறகு அம்மா. எனக்குக் குரலே எழவில்லை.

நடவின் நடுவே குலவை கேட்டதும் தூரத்து வயல்களில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எங்கிருந்தோ பதில் குலவை வந்தது. சேற்றுக் காலோடு வரப்பு வரப்பாக ஓடி வந்தார்கள்.

டிரைவர் வண்டியை அணைத்தார். "என் பொண்டாட்டியும் வருதுங்க. நான் எப்படிங்க ஓட்டுறது?"

காரியக்காரர் கத்திப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அக்கா சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"பயமில்லாமலா புள்ள? போலீஸ் கேஸ் எண்டா என்னைக் கேம்ப்ல வைப்பாங்களா? குழந்தையோட எங்க போறது? ஆனா எங்கட வயலை விட்டுட்டு ஓடினவள் நான். திரும்பவும் ஓட ஏலாது."

நல்லவேளை, கேஸ் எதுவும் வரவில்லை. அந்த வயலை நாங்கள் இன்றும் சாகுபடி செய்கிறோம். அக்காவை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்; பிறகு பார்க்கவே இல்லை. ஒவ்வொரு நடவிலும் முதல் குலவை கேட்கும்போது அந்த அக்காவின் குரல்தான் நினைவுக்கு வரும். அன்று வராத குரலை எல்லாம் சேர்த்து நானும் குலவையிடுவேன்; மற்றவர்கள் நிறுத்திய பிறகு நான்தான் கடைசியாக மூச்சு விடுகிறேன்.