மணமில்லாத சாமான்

நான் குடிப்பதில்லை. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு கிழமை கழிவதில்லை. வீடு கல்முனையில், வேலை அறுகம்பையில் ஒரு ஹோட்டல் பாரில். குடிக்கிறவனைப் போட்டால் போத்தல் தங்காது என்றுதான் முதலாளி என்னைப் பிடித்துப் பாரில் போட்டார். ஊற்றிக் கொடுப்பதும் பாவம்தானே என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வேறு வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சீசனுக்குச் சீசன் வருகிற ரஷ்யாக்காரர் ஒருவர்தான் வொட்காவைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர். உருளைக்கிழங்கில் செய்வது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் கோதுமையாம். அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டு, காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்குவார்கள். அதுவரைக்கும் நம்முடைய காட்டுக்குள் கசிப்புக் காய்ச்சுகிறவனும் செய்வதுதான். அதற்குப் பிறகுதான் வேலையே. திரும்பத் திரும்பக் காய்ச்சி, கரியில் வடித்து, மணம், ருசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தண்ணீர் கலப்பார்களாம். ஒன்றுமே மணக்காவிட்டால்தான் நல்ல சரக்கு என்றார்.

குடிப்பதற்கும் முறை வைத்திருந்தார். போத்தல் ஃப்ரீஸரில் கிடக்க வேண்டும். அது உறையாது, பாகு மாதிரி வரும். சின்னக் கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் இருப்பவரை வாழ்த்தி நாலு வார்த்தை சொல்லி, ஒரே மடக்கில் விழுங்கி, உடனே புளிப்பாக ஏதாவது கடிக்க வேண்டும். வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு நான் எங்கே போவது? என் சோற்றுப் பார்சலில் இருந்த தேசிக்காய் ஊறுகாயைக் கொடுத்தேன். மனிதர் சொக்கிப்போனார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெள்ளி லீவுக்கு வழக்கம்போல அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, மனைவியின் ஊறுகாயை வெள்ளைக்காரர் புகழ்ந்த சந்தோஷத்தில், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். ஊறுகாயை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மணக்காது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்று தொடங்கி ஒவ்வொரு வியாழனும் நான் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பக்கத்தில் வந்து நிற்பாள். "வாயத் தொறங்க."

வெளியிலும் நிம்மதி இல்லை. ஒருநாள் பக்கத்துக் கடைக்காரர், கடைக்குப் பின்னால் கிடந்ததாம், ஒரு போத்தலைக் கொண்டு வந்தார். "காக்கா, இது தண்ணியா மத்ததா, ஒருக்கா பாருங்க." ஃப்ரீஸரில் போடுங்கள், உறைந்தால் தண்ணீர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் தெரிஞ்சிரிக்கி ஒங்களுக்கு." உதவி செய்ததற்குக் கிடைத்த கூலி!

ஊர் எப்படியும் போகட்டும். இவள் நம்ப வேண்டாமா? போன மாதம் கச்சான் காற்று முகத்தில் அறைய, காய்ச்சலோடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தேன். கண் சிவந்திருந்தது. இறங்கும்போது கால் தடுமாறியது. அவள் சலாம்கூடச் சொல்லவில்லை. நேரே வந்து என் வாயை மணந்து பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ள, அதுக்கு மணமே இல்லண்டு நான்தானே செல்லித் தந்தன்! பொறகு என்னத்த மணக்காய்? குடிக்கல்லண்டு நான் எப்படிக் காட்டுற? நெஞ்சக் கிழிச்சா?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

"மணக்காதுண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "ஒவ்வொரு கிழமையும் ஒண்டும் மணக்கல்லண்டு மனசுக்குச் செல்லி, ஒங்கள நம்பிக்கு இரிக்கன். நம்புறதுக்கு எனக்கும் ஒரு சாட்டு வேணும்தானே?"

கத்துவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். குனிந்து, அவள் மணந்து பார்க்க வாயைத் திறந்தேன்.